முயலண்ணன் மலை மூடப்பட்டது ஏன்?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அந்த மாநிலத்தில் அனஹைம் என்று ஓர் ஊர். உலகப் புகழ் பெற்ற டிஸ்னிலாந்து கேளிக்கைப் பூங்கா அந்த ஊரில்தான் இருக்கிறது.

அந்தப் பூங்காவில் ஒரு மலை. இயற்கையாக எழுந்த மலை அல்ல. மனிதர்கள் கட்டிய மலை. "ஸ்பிளாஷ் மவுண்டன்" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். தண்ணீர் வாரித் தெறிக்கும் மலை என்று பொருள்.

மரக்கட்டையைக் குடைந்து செய்தது போல ஓர் ஓடம். அதில் ஏறி உட்கார்ந்தால், ஓடம் மலைக்குள் புகும். இருட்டில் வளைந்து வளைந்து போகும். கடைசியில் உச்சிக்கு ஏறும். அங்கே இருந்து 52 அடி பள்ளத்தில் தலைகுப்புறப் பாயும்! "ஐயோ!" என்று எல்லோரும் அலறுவார்கள். கீழே வரும்போது உடம்பெல்லாம் நனைந்திருக்கும். அலறியவர்களே சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, மறுபடியும் போய் வரிசையில் நிற்பார்கள்.

ஏறக்குறைய 34 ஆண்டுகள் இந்த ஓடம் ஓடியது. 2023-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதியோடு நின்றுவிட்டது. அதே பெயரில் புளோரிடா மாநிலத்தில் இருந்த இன்னொரு மலை, அதற்கு 4 மாதம் முன்பே, ஜனவரி 22-ந் தேதியோடு மூடப்பட்டது.

ஏன் மூடினார்கள்? கூட்டம் வரவில்லையா? கடைசி நாள் வரை கூட்டம் அலைமோதியது. விபத்தா? மூடியதற்குக் காரணம் விபத்தும் அல்ல.

குறை இயந்திரத்தில் இல்லை. குறை, அந்த மலைக்குள் சொல்லப்பட்ட கதையில் இருந்தது!

மரம் இறங்கிய வழியில் மனிதன்

முதலில் ஓடத்தின் கதையைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் மலைக் காடுகளில் 100 ஆண்டுகளுக்கு முன்பு மரம் வெட்டுவது பெரிய தொழில். மலை மேல் மரத்தை வெட்டிவிடலாம். அடிவாரத்துக்குக் கொண்டு வருவது எப்படி? ரோடு இல்லை. வண்டி போகாது. ஆகவே பலகைகளைச் சேர்த்து, நீளமான வாய்க்கால் கட்டினார்கள். மலை ஓடையின் தண்ணீரை அதில் திருப்பிவிட்டார்கள். வெட்டிய மரத்தை மேலே போட்டால், தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு அடிவாரத்துக்கு வந்துவிடும்.

1875-ம் ஆண்டு நெவாடா மாநிலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. வெள்ளிச் சுரங்கங்களில் பெரும் பணம் குவித்த இரண்டு கோடீசுவரர்கள். ஒருவர் பெயர் ஜேம்ஸ் பேர். மற்றவர் பெயர் ஜேம்ஸ் பிளட். அவர்கள் இப்படிப்பட்ட வாய்க்கால் ஒன்று வைத்திருந்தார்கள். அதன் நீளம் 15 மைல். "இதில் நாமே போய்ப் பார்த்தால் என்ன?" என்று அவர்களுக்குத் தோன்றியது. நியூயார்க்கில் இருந்து வந்த ஒரு பத்திரிகை நிருபரையும் சேர்த்துக்கொண்டு ஏறிவிட்டார்கள்!

மாட்டுத் தொட்டி போன்ற ஓடம். பிடிக்கக் கைப்பிடி இல்லை. நிறுத்த வழி இல்லை. 15 மைலையும் சுமார் அரைமணி நேரத்தில் கடந்து, நனைந்து, அடிபட்டு, நடுங்கிப்போய்க் கீழே வந்து சேர்ந்தார்கள். "இனிமேல் மரக்கட்டைக்குச் சமமாக என்னை நினைத்துக்கொள்ள மாட்டேன்" என்ற பொருளில் ஒருவர் சொன்னாராம்.

உயிருக்குத் துணிந்தவர்கள் செய்த அந்தக் காரியத்தை, பின்னால் எல்லோருக்குமான விளையாட்டாக மாற்றிவிட்டார்கள். 1963-ம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் "சிக்ஸ் பிளாக்ஸ்" என்ற பூங்காவில், ஆரோ என்ற கம்பெனி ஒரு மரக்கட்டை ஓடத்தை அமைத்தது. அதற்கு ஸ்பெயின் மொழியில் "மர அறுவை மில்" என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். ஜனங்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அதைப் பார்த்து மற்றப் பூங்காக்களும் ஓடம் விட்டன.

மலை பிறந்தது

டிஸ்னிலாந்தில் மட்டும் அப்படிப்பட்ட ஓடம் இல்லை. 1983-ம் ஆண்டு அந்தக் குறையைத் தீர்க்க ஒருவர் யோசனை செய்தார். அவர் பெயர் டோனி பாக்ஸ்டர். டிஸ்னி கம்பெனியில் பூங்காக் காட்சிகளை வடிவமைப்பவர். காரில் வேலைக்குப் போகும்போது, வழியில் நெரிசலில் சிக்கி நின்ற நேரத்தில் அந்த யோசனை உதித்தது என்று சொல்வார்கள்.

அப்போது அவர் மனதில் மூன்று பிரச்சினைகள் இருந்தன. ஜனங்கள் ஓடம் கேட்கிறார்கள் என்பது ஒன்று. பூங்காவின் ஒரு மூலையில் "கரடி நாடு" என்ற பகுதிக்கு ஆள் அதிகம் போவதில்லை என்பது இரண்டாவது. "அமெரிக்கா பாடுகிறது" என்ற காட்சிக்குக் கூட்டம் குறைந்துவிட்டது என்பது மூன்றாவது.

அந்தக் காட்சியில் 100-க்கு மேற்பட்ட இயந்திர பொம்மைகள் இருந்தன. வாத்து, தவளை, கோழி, முதலை என்று பல வகை. எல்லாம் பாடும், ஆடும், தலையை ஆட்டும். 1974-ம் ஆண்டு தொடங்கிய அந்தக் காட்சியை மூடிவிட்டால், இத்தனை பொம்மைகளையும் என்ன செய்வது?

மூன்றையும் ஒரே காரியத்தில் முடித்தார் பாக்ஸ்டர். கரடி நாட்டில் ஒரு மலை கட்டுவது. மலைக்குள் ஓடம் விடுவது. ஓடம் போகும் வழியெல்லாம் பழைய பொம்மைகளை நிறுத்திப் பாட வைப்பது!

பொம்மைகளுக்கு ஒரு கதை வேண்டுமே? டிஸ்னி கம்பெனி 1946-ம் ஆண்டு எடுத்த "சாங் ஆப் தி சவுத்" என்ற சினிமாவில் ஒரு முயல், ஒரு நரி, ஒரு கரடி கதை வரும். அந்தக் கதையை எடுத்துக்கொண்டார்கள்.

கம்பெனித் தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு யோசனை பிடித்துவிட்டது. "ஸ்பிளாஷ்" என்ற டிஸ்னி சினிமா 1984-ம் ஆண்டு வெளிவந்து நன்றாக ஓடியிருந்தது. அந்தப் பெயரையே மலைக்கு வைக்கச் சொன்னார். செலவு சுமார் 7½ கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. 1989-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி மலை திறக்கப்பட்டது. அது டிஸ்னிலாந்தின் பிறந்தநாள் தேதி! 1955-ம் ஆண்டு அதே ஜூலை 17-ந் தேதிதான் பூங்கா தொடங்கியது.

1992-ம் ஆண்டு புளோரிடாவிலும், ஜப்பானில் டோக்கியோவிலும் இதே போல மலைகள் எழுந்தன.

ஓடத்தில் ஏறினால்...

ஓடத்துக்கு என்ஜின் கிடையாது. பெரிய பம்புகள் தண்ணீரை மேலே ஏற்றும். அந்தத் தண்ணீரின் ஓட்டத்திலேயே ஓடம் மிதந்து போகும். மேடு வந்தால் மட்டும், அடியில் ஓடும் பட்டை அதைத் தூக்கிச் செல்லும்.

வழியில் முயலின் கதை நடக்கும். முட்புதரில் உள்ள வீட்டை விட்டு, உலகம் பார்க்க முயல் புறப்படுகிறது. நரியும் கரடியும் அதைப் பிடித்துத் தின்னப் பார்க்கின்றன. முயல் அவற்றை ஏமாற்றிக்கொண்டே போகிறது. கடைசியில் நரியிடம் சிக்கிவிடுகிறது.

அப்போது முயல் கெஞ்சுகிறது. "என்னைச் சுட்டுத் தின்றாலும் சரி, தொங்கவிட்டாலும் சரி. அந்த முட்புதரில் மட்டும் போட்டுவிடாதே!"

"ஓகோ, இதற்குத்தான் இது பயப்படுகிறதா?" என்று நினைத்த நரி, முயலைத் தூக்கி முட்புதரில் எறிகிறது. அந்த நேரத்தில்தான் ஓடமும் 52 அடி பள்ளத்தில் பாயும். மணிக்கு 40 மைல் வேகம்! பாயும்போது போட்டோவும் எடுத்துவிடுவார்கள். அலறிய முகத்தை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

முயல் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அது பிறந்து வளர்ந்ததே முட்புதரில்தானே! துள்ளி ஓடிவிட்டது. எல்லாப் பொம்மைகளும் கூடிப் பாடும். ஓடம் கரை சேரும்.

அருமையான கதை. இந்தக் கதையில் என்ன குற்றம்?

அடிமைகள் சொன்ன கதை

கதையில் குற்றம் இல்லை. அது யாருடைய கதை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆப்பிரிக்காவில் இருந்து பல லட்சம் மக்களைப் பிடித்து, கப்பலில் ஏற்றி, அமெரிக்காக் கண்டத்தில் விற்றார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பருத்தித் தோட்டங்களில் அவர்கள் அடிமைகளாக உழைத்தார்கள். தாயை ஓர் ஊரிலும் பிள்ளையை ஓர் ஊரிலும் விற்பது உண்டு. எதிர்த்துப் பேசினால் சவுக்கடி.

அவர்கள் எழுதப் படிக்கவும் கூடாது! ஜார்ஜியா மாநிலத்தில் 1829-ம் ஆண்டே ஒரு சட்டம் போட்டார்கள். கறுப்பு மக்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது குற்றம் என்றது அந்தச் சட்டம். எழுத்து வந்தால் அறிவு வரும். அறிவு வந்தால் கேள்வி வரும் என்ற பயம்!

எழுத்தைத் தடுக்கலாம். நாவைத் தடுக்க முடியுமா? பகலெல்லாம் உழைத்த மக்கள், இரவில் குடிசைகளில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார்கள். ஆப்பிரிக்காவில் தங்கள் பாட்டிமார் சொன்ன முயல் கதைகளைப் புது ஊருக்கு ஏற்றபடி சொன்னார்கள்.

அந்தக் கதைகளில் முயல்தான் நாயகன். அதற்கு நகம் இல்லை, கூரிய பல் இல்லை, பலம் இல்லை. மூளை ஒன்றுதான் உண்டு. நரிக்கும் கரடிக்கும் எல்லாப் பலமும் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முயலே தப்பியது. முயல் என்றால் யார், நரி என்றால் யார் என்று குடிசையில் இருந்த பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிங்கத்தைக் கிணற்றில் குதிக்க வைத்த முயலை நாம் அறிவோம். எளியவன் இருக்கும் இடமெல்லாம் இப்படி ஒரு முயல் இருக்கும் போலிருக்கிறது.

இன்னொரு வியப்பு. அடிமைகளின் முயல் கதைகளில் புகழ் பெற்றது "தார் பொம்மை" கதை. நரி தாரில் ஒரு பொம்மை செய்து வழியில் வைக்கிறது. "வணக்கம் சொன்னால் பதில் சொல்லமாட்டாயா?" என்று கோபித்து முயல் அதைக் குத்துகிறது. கை ஒட்டிக்கொள்கிறது. மறு கை, கால், தலை எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. புத்தர் பிறப்புக் கதைகளான ஜாதகக் கதைகளிலும் இப்படி ஒன்று உண்டு. ஐந்து ஆயுதம் ஏந்திய இளவரசன், ஒட்டும் மயிர் கொண்ட அரக்கனோடு மோதி, கை கால் தலை எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கிறான். இரண்டு கதைகளையும் அறிஞர்கள் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

அச்சுக்கூடப் பையன்

இந்தக் கதைகள் புத்தகமானது எப்படி?

1862-ம் ஆண்டு. ஜார்ஜியாவில் ஒரு தோட்ட முதலாளி சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார். அதன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்க ஒரு பையன் சேர்ந்தான். வெள்ளைக்காரப் பையன். ஏழை. பெயர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ். வேலை முடிந்ததும் அடிமைகளின் குடிசைகளுக்குப் போவான். அவர்கள் சொல்லும் கதைகளை உட்கார்ந்து கேட்பான்.

1865-ம் ஆண்டு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. பையன் வளர்ந்து அட்லாண்டா நகரில் பத்திரிகை ஆசிரியரானான். கேட்ட கதைகளை நினைவுபடுத்தி எழுதினான். 1880-ம் ஆண்டு முதல் புத்தகம் வந்தது. மொத்தம் 185 கதைகள் எழுதினார் ஹாரிஸ். உலகமெங்கும் புகழ் பரவியது.

ஹாரிஸ் அந்தக் கதைகளைக் காப்பாற்றினார் என்பது உண்மை. அவர் எழுதாவிட்டால் பல கதைகள் மறைந்திருக்கும். ஆனால் அவர் இன்னொன்றும் செய்தார். கதை சொல்வதற்கு ஒரு கிழவரைக் கற்பனையாகப் படைத்தார். அவர் பெயர் "ரீமஸ் மாமா". பழைய அடிமை. எஜமான் வீட்டின் மேல் பாசம் கொட்டுகிறவர். அடிமைக் காலமே நல்ல காலம் என்று ஏங்குகிறவர்!

"மாமா" என்றால் நமக்கு உறவு. அங்கே அப்படி இல்லை. வயதான கறுப்பு மனிதரை "மிஸ்டர்" என்று மரியாதையாக அழைக்க வெள்ளையர்களுக்கு மனம் வராது. அதற்குப் பதிலாகவே "மாமா" என்றார்கள். உறவுச் சொல்லிலும் ஓர் அவமரியாதை ஒளிந்திருந்தது.

பரிசு வாங்கிய நடிகர்

இந்தப் புத்தகத்தைத்தான் டிஸ்னி 1946-ம் ஆண்டு சினிமா ஆக்கினார். ரீமஸ் மாமாவாக ஜேம்ஸ் பாஸ்கெட் என்ற கறுப்பு நடிகர் நடித்தார்.

படம் அழகு. பாட்டு இனிமை. ஆனால் தோட்டத்தில் வேலை செய்யும் கறுப்பு மக்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே பாடுகிறார்கள்! கவலையே இல்லாத வாழ்வு என்பது போலக் காட்டியது படம். கறுப்பு மக்களின் உரிமைச் சங்கம் அப்போதே கண்டித்தது. கலை நன்றாக இருக்கிறது, ஆனால் எஜமான் - அடிமை வாழ்வை இன்பமயமாகக் காட்டுவது ஆபத்து என்று அதன் தலைவர் வால்டர் ஒயிட் சொன்னார். நியூயார்க்கிலும் வேறு நகரங்களிலும் தியேட்டர் வாசலில் மறியல் நடந்தது.

படத்தின் முதல் காட்சி அட்லாண்டாவில் நடந்தது. ஊரே திரண்டது. படத்தின் நாயகன் பாஸ்கெட் மட்டும் வரவில்லை. அந்த நகரில் அப்போது கறுப்பர், வெள்ளையர் என்று எல்லாவற்றிலும் சட்டமே பிரித்து வைத்திருந்தது. நாயகனாக நடித்தவர், தம் படத்தின் விழாவில் சரிசமமாக உட்கார முடியாது!

1948-ம் ஆண்டு மார்ச் மாதம் அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் பரிசு கொடுத்தார்கள். ஆஸ்கார் வாங்கிய முதல் கறுப்பு ஆண் நடிகர் அவரே. பரிசு வாங்கிய 4 மாதத்தில், 44-வது வயதில் இறந்துபோனார்.

1986-ம் ஆண்டுக்குப் பிறகு அந்தப் படம் அமெரிக்கத் தியேட்டர்களில் காட்டப்படவில்லை. அங்கே முழுப்படம் வீடியோவாகவும் விற்கப்படவில்லை. கம்பெனியே அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டது. பூட்டிய 3 ஆண்டுகளில், அதே படத்தின் கதையோடு மலையைத் திறந்தது!

மலைக்குள் மறைந்தவர்கள்

மலை கட்டியவர்களுக்கு இந்த வம்பு தெரியாமல் இல்லை. அதனால் ரீமஸ் மாமாவை மலைக்குள் விடவில்லை. தார் பொம்மையையும் எடுத்துவிட்டார்கள். கறுப்பு மனிதரைக் கேலி செய்யும் சொல்லாக "தார் பொம்மை" மாறியிருந்ததே காரணம். தாருக்குப் பதிலாகத் தேன்கூடு வந்தது. மலைக்குள் முயல் தேனில் ஒட்டிக்கொண்டது.

மாமா போனார். தார் போனது. கூடவே, கதை சொன்ன அடிமைகளும் போய்விட்டார்கள். மிஞ்சியது முயலும் பாட்டும்தான்.

"படத்தைப் பார்த்தவர்களே இல்லை. குழந்தைகளுக்கு இந்தப் பழைய கதை எதுவும் தெரியாது. நனைந்து சிரித்துவிட்டுப் போகிறார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று பலர் கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். பதிலும் சொல்லவேண்டும்.

உங்கள் பாட்டி ஒரு கதை சொல்கிறாள். பசியோடும் கண்ணீரோடும், பிள்ளைகள் தைரியமாக வளரவேண்டும் என்று சொல்கிறாள். அதைப் பக்கத்தில் இருந்து கேட்ட ஒருவர் புத்தகம் போடுகிறார். இன்னொருவர் சினிமா எடுக்கிறார். மூன்றாமவர் மலை கட்டி டிக்கெட் விற்கிறார். எங்குமே பாட்டியின் பெயர் இல்லை. "பாட்டி சந்தோஷமாகத்தான் இருந்தாள்" என்று படத்தில் காட்டவும் செய்கிறார்கள். பாட்டியின் பேரன் டிக்கெட் வாங்கி அந்த வரிசையில் நிற்கிறான். அவனுக்கு நஷ்டம் இல்லை என்று சொல்ல முடியுமா?

தண்ணீரை விற்றார்கள்!

2020-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி, மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்ட் என்ற கறுப்பு மனிதரை ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். அமெரிக்கா கொதித்து எழுந்தது. பழைய அநியாயங்களின் சின்னங்கள் எங்கே இருந்தாலும் எடுக்கவேண்டும் என்ற குரல் கிளம்பியது. மலையின் கதையை மாற்றும்படி ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மாற்றக்கூடாது என்றும் ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூன் 25-ந் தேதி டிஸ்னி கம்பெனி முடிவை அறிவித்தது. மலை இருக்கும், ஓடம் இருக்கும், கதை மாறும். இந்த மாற்றத்தை முந்தின ஆண்டில் இருந்தே யோசித்து வருவதாகவும் கம்பெனி சொன்னது.

கடைசி நாட்களில் வரிசை நீண்டது. கல்யாணத்துக்கு முன் வந்தவர்கள், பிள்ளைகளோடு வந்தார்கள். புளோரிடா மலை மூடியபோது, அந்த மலையின் தண்ணீர் என்று சொல்லிப் பாட்டிலில் அடைத்துச் சிலர் விலைக்கு விட்டார்கள்! வேடிக்கை என்று சிரிக்கலாம். ஆனால் அப்பாவின் மடியில் உட்கார்ந்து முதல் தடவை அலறிய இடத்தை யாரால் மறக்க முடியும்? அந்தத் துக்கம் உண்மையானது. அதைக் குற்றம் என்று சொல்லக்கூடாது.

2024-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி புளோரிடாவிலும், நவம்பர் 15-ந் தேதி கலிபோர்னியாவிலும் புதிய ஓடம் புறப்பட்டது. அதே வாய்க்கால், அதே பள்ளம். கதை மட்டும் டியானாவின் கதை. 2009-ம் ஆண்டு வந்த சினிமாவின் நாயகி அவள். டிஸ்னி படங்களில் வந்த முதல் கறுப்பு இளவரசி. நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஓட்டல் பணிப்பெண்ணாக உழைத்து, சொந்த ஓட்டல் வைக்கக் கனவு காண்பவள். அதே நகரில் வாழ்ந்த லியா சேஸ் என்ற சமையல் கலை அரசியைப் பார்த்தே டியானாவைப் படைத்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைச் சட்டம் தடுத்த காலத்தில், இரு இனத்தாருக்கும் ஒரே மேஜையில் சோறு போட்டவர் லியா சேஸ். 2019-ம் ஆண்டு, 96-வது வயதில் மறைந்தார்.

ஜப்பானில் பூங்காவை நடத்துவது வேறு கம்பெனி. அதனால் அமெரிக்காவில் மூடிய பிறகும் டோக்கியோவில் முயல் பாடிக்கொண்டிருந்தது.

பாதி நியாயம்

மலையின் கதையை மாற்றியது சரியா? சரிதான். ஒரு கூட்டத்தின் வேதனையை மறைத்துவிட்டு மற்றவர்கள் சிரிக்க வேண்டும் என்பது இல்லை. சிரிக்க வேறு ஆயிரம் கதை உண்டு.

ஆனால் இது பாதி நியாயம்தான்.

அடிமை வாழ்வை இனிப்பாகக் காட்டிய படத்தின் நிழல் மலையை விட்டுப் போயிற்று. நல்லது. கூடவே முயலும் போய்விட்டதே! அடிமைகளைத் தாழ்த்தியது படம். ஆனால் முயலைப் படைத்தவர்கள் அடிமைகளே. எழுத்துக்கூட மறுக்கப்பட்ட மக்கள், தங்கள் மூளையைத் தவிர வேறு ஆயுதம் இல்லாத மக்கள், பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற சொத்து அது. திருடிய பொருளை வைத்திருப்பது தவறு என்று தெரிந்தால், அதைக் குளத்தில் எறிந்துவிட்டால் போதுமா? உடையவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

ஹாரிஸ் பிறந்த ஈட்டன்டன் என்ற ஊரில்தான், கறுப்பு எழுத்தாளர் ஆலிஸ் வாக்கரும் 1944-ம் ஆண்டு பிறந்தார். சிறு வயதில் வீட்டில் கேட்ட கதைகளைச் சினிமா தன்னிடம் இருந்து பறித்துவிட்டது, அதன் பிறகு அவற்றைச் சொல்லவே கூச்சம் வந்துவிட்டது என்ற கருத்தில் அவர் எழுதினார். கதையை இழப்பது என்றால் இதுதான்.

திருப்பிக் கொடுக்க வழி இல்லாமல் இல்லை. ஜூலியஸ் லெஸ்டர் என்ற கறுப்பு எழுத்தாளர் 1987-ம் ஆண்டு முயல் கதைகளைத் தம் மொழியில் புதிதாக எழுதினார். அதில் எஜமானுக்கு ஏங்கும் கிழவர் இல்லை. முயல் இருக்கிறது, குறும்பு இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. அதற்கும் முன்பே, 1935-ம் ஆண்டு, ஜோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்புப் பெண்மணி தம் மக்களிடமே போய் உட்கார்ந்து, இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு எழுதிப் புத்தகம் போட்டார். அவர் வளர்ந்த ஊர் ஈட்டன்வில். கறுப்பு மக்கள் தாங்களே அமைத்துத் தாங்களே ஆண்ட ஊர். புளோரிடா டிஸ்னி பூங்காவில் இருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஊருக்குப் போய்விடலாம்!

இத்தனை பக்கத்தில் இருந்தும், மலை ஓடிய காலத்தில் அந்த ஊரின் கதைசொல்லிகளுக்கு மலைக்குள் இடம் கிடைக்கவில்லை.

கம்பெனிகள் மலை கட்டும், மலையை மாற்றும். அது அவர்கள் தொழில். கதையைக் காப்பது வீடுகளின் வேலை. ஒரு காலத்தில் எழுத்துப் படித்தால் குற்றம் என்று அடக்கப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள், இன்று அதே கதைகளை எழுதுகிறார்கள், அச்சிடுகிறார்கள். படிக்கத் தெரிந்த எல்லோரும் அவற்றைப் படிக்கலாம், பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

சொல்லும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துச் சொல்லவேண்டும். முதலில் இந்தக் கதையைச் சொன்னவர்கள் அடிமைகள். அவர்கள் பயந்தவர்கள் அல்ல. முட்புதரில் பிறந்து, முட்புதரிலேயே வாழக் கற்றவர்கள்.